லில்லி வழுக்கிய வண்டிக்குப் புதுத் தளம்

ஜூன் 11, 2025, புதன்

காலையில் விதுரா பால் சொசைட்டி வாசலில் கேன் இறக்கும்போது, பிக்கப்பின் பின்தளத்தில் என் வலது கால் உள்ளே போய்விட்டது. கணுக்கால் வரைதான். துரு தின்று தின்று இரும்புத் தகடு அப்பளம் மாதிரி ஆகியிருக்கிறது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். செருப்பு மட்டும் வண்டிக்கு அடியில் ரோட்டில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து பிபினிடம் சொன்னேன்.

"முறிவு உண்டா?"

"சின்னக் கீறல்."

"டி.டி. ஊசி போடணும் கேட்டியா."

அவ்வளவுதான். வண்டியை வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷத்தில், ஒரு நட்டு கழன்றால்கூடப் படுத்து உருண்டு பார்க்கிற மனிதர் அவர்.

இந்த வண்டி இல்லாமல் இந்தப் பண்ணை ஒரு நாள் ஓடாது. கல்லாறுக்குப் பக்கத்தில் ஏழு ஏக்கர் குத்தகை, எட்டுப் பசு, முப்பத்தைந்து ஆடு. தீவனம், சாணி உரம், சுவர் கட்டக் கல், பால் கேன் எல்லாம் இதில்தான். ஆடு மாடும் இதில்தான் போய் வந்துகொண்டிருந்தன, மே மாதம் வரை. இப்போது பிபின் உயிருள்ள எதையும் ஏற்றுவதில்லை. பக்ரீத்துக்கு ஆடு வாங்கியவர்கள் எல்லாரும் அவரவர் வண்டி கொண்டுவந்துதான் ஏற்றிப் போனார்கள்.

ஜூன் 12, வியாழன்

ஊசி போட்டாயிற்று. காலைவிடக் கைதான் வலிக்கிறது.

ஜூன் 14, சனி

வீரபாண்டியின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். தென்காசிக்காரர், விதுராவில் வெல்டிங் பட்டறை போட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு தட்டுக்கும் துரு கொட்டிற்று.

"இது ஒட்டுப்போடுற கேஸு இல்லக்கா. சாணியும் மூத்திரமும் சேந்து தின்னுருக்கு. அடிச்சட்டம் நல்லா இருக்கு. மேல தளம் மொத்தமும் மாத்தணும்."

"என்ன போடலாம்?"

"எல்லாரும் போடுறது செக்கர் பிளேட்டுதான், இப்ப கெடக்கே இதே மாதிரி மேடு மேடா இருக்க இரும்பு. அலுமினியமும் போடலாம், துருவே கிடையாது. மரப்பலகையும் போடலாம். ஆனா இப்ப யாருக்கா பலகை போடுறா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இப்போதைக்கு ஓட்டைமேல் ஒரு பழைய தகரத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

ஜூன் 16, திங்கள்

நல்ல மழை. மாட்டுக்கொட்டிலைக் கழுவ வேண்டியிராமல் ஓலைக்கு அடியில் தண்ணீரே ஓடிக் கழுவியது.

தளத்தைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தால் லில்லி வந்து நிற்கிறாள். எழுதிவிடுகிறேன்.

மே 2. லில்லிக்கு ஏழு மாதச் சினை, மூன்று நாள் காய்ச்சல், தீவனத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் வர முடியாத நிலை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். பிபின் ஓட்டினார். நான் வீட்டில் இருந்தேன். கீழே இறங்கும் மூன்றாவது வளைவில், பொன்முடியிலிருந்து வந்த கார் ஒன்று பாதி ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் ஏறி வந்திருக்கிறது. பிபின் பிரேக் போட்டார். காரில் படவில்லை. ஆனால் பின்னால் லில்லி நாலு காலும் நாலு பக்கம் விரிந்து விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு. இனி எழுந்து நிற்காது என்று டாக்டர் சொல்லி ஊசி போட்டார். கன்றும் போயிற்று.

பிபின் அன்று வெறும் கயிற்றோடு வந்தார். கயிற்றைக் கழுவி வெயிலில் காயப்போட்டார். எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியவில்லை.

இதற்குமேல் இன்று வேண்டாம்.

ஜூன் 18, புதன்

திருவனந்தபுரத்துக்குப் போனேன். கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கிச் சாலைக் கடைத்தெரு வழியாக நடந்து ஆரியசாலை. இரண்டு சந்து தள்ளி மைதீன் பாயின் தகட்டுக் கடை. அப்பா விளவங்கோட்டில் வீடு கட்டும்போது கூரைத்தகடு எல்லாம் இவரிடம்தான் எடுத்தார். அதனால் எனக்கும் பழக்கம்.

அலுமினியத் தகட்டை எடுத்து முன்னால் சாய்த்து வைத்தார். கடை முழுக்க வெளிச்சம். ஒரு விரலால் தூக்கிக் காட்டினார்.

"பூ மாதிரி வெயிட்டு, மோளே. வண்டிக்கு பாரம் இல்ல, டீசல் மிச்சம். ஆயுசுக்கும் மதி, இது ஒண்ணு போதும்."

எனக்கு மனம் அதில் ஒட்டிக்கொண்டது, பொய் சொல்வானேன். அந்தப் பளபளப்பில் பால் கேன்கள் வரிசையாக நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். பிறகுதான் சொன்னேன், மாடு ஏற்ற வேண்டும் என்று.

பாய் தகட்டைக் கீழே வைத்தார்.

"மாடா? மீன் வண்டிக்காரங்க கொண்டு போறாங்க, பேக்கரிக்காரங்க கொண்டு போறாங்க. மாட்டுக்குன்னு இதுவரை யாரும் வந்ததில்ல. மாடு இதுல நிக்குமான்னு எனக்கு அறிஞ்சுகூடா, தெரியாது. நான் பொய் சொல்லி விக்கமாட்டேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டு மூலையிலிருந்து ஒரு துண்டு அலுமினியமும் ஒரு துண்டு செக்கர் பிளேட்டும் எடுத்துக் கயிறு போட்டுக் கட்டினார். "கொண்டு போ. மாட்டுகிட்டயே கேட்டுட்டு வா."

இரும்பு கனம். பஸ்ஸில் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கல்லாறு வரை வந்தேன். கண்டக்டர், "சேச்சி, கதவு கழட்டிக் கொண்டு போறதா?" என்றார்.

ஜூன் 21, சனி

இன்று மாதிரி சிரித்து ரொம்ப நாள் ஆகிறது.

மைதீன் பாய் சொன்னபடியே கேட்டுவிட்டோம். மாட்டிடம் இல்லை, முதலில் ஆட்டிடம். நானும் மாடம்மாளும் ஆட்டுக்கொட்டில் வாசலில் மூன்றையும் வரிசையாகப் போட்டோம். இரும்பு, அலுமினியம், தொட்டிமேல் மூடியிருந்த பழைய அயனிப் பலகை. இங்கே ஆஞ்ஞிலி என்பார்கள், படகுக்குப் போடுகிற மரம். மழை பெய்து நனைந்திருந்தது போதாதென்று சாணித் தண்ணீரும் கரைத்து ஊற்றினோம். மாடம்மாள் எங்களிடம் பால் கறக்க வந்து ஆறு வருஷம். செருப்பே போடாத கால். எந்த வேலையையும் பாதியில் விடாதவள்.

இரும்பில் ஆடுகள் கால் வைக்காமல் தாவின. இரண்டு வழுக்கி முட்டிபோட்டன. அலுமினியத்தில் முன்னால் வந்த தாயாடு ஒரு குளம்பு வைத்தது, டங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திரும்பிப் பின்னால் வந்த கூட்டத்துக்குள் பாய்ந்தது. பிறகு எவ்வளவு தீனி காட்டியும் ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. பலகையில் ஒன்றுமே நடக்கவில்லை. சும்மா நடந்து போயின. கடைசியில் வந்த குட்டி அதன்மேலேயே படுத்துவிட்டது.

"எனக்கென்னமோ ஆடு சொன்னா போதாதும்மா. நானும் நடந்து பாக்கேன்," என்று மாடம்மாள் புடவையைத் தூக்கிச் செருகினாள். இரும்பில் நடந்தாள். அலுமினியத்தில் இரண்டாவது அடியில் காலை நீட்டி அப்படியே சாணித் தண்ணீரில் உட்கார்ந்தாள். எனக்குத் தூக்கிவிடக்கூட முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. அவளுக்கும்.

நிமிர்ந்து பார்த்தால் பிபின் ரப்பர் மரங்களுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். முகத்தில் சிரிப்பு வந்த மாதிரிதான் இருந்தது. பிறகு திரும்பிப் போய்விட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

சபைக்குப் போய் வந்து சாப்பிடும்போது அவராகவே பேச்சை எடுத்தார்.

"இரும்பு போட்டா மதி. பழையபடி."

"நேத்து நீங்க பாக்கலியா?"

"பாத்தேன்."

"பின்ன?"

"பிளேட்டு லில்லிய தள்ளிவிடல. நான் பிரேக்க சவுட்டினேன். அதுக்கு எதுக்கு தளத்த குற்றம் சொல்லணும்?"

கை கழுவ எழுந்துவிட்டார். மீன் குழம்பு அப்படியே இருந்தது.

ஆக, அவருக்குத் தளம் ஒரு பேச்சே இல்லை. வேறு தளம் போட்டால், தன்னைத் தானே சும்மா விட்டுவிட்டதாக ஆகும் என்று நினைக்கிறார் போல. இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

சொல்ல ஒரு பதில் இருக்கிறது. இருக்கிறதுதான்.

ஜூன் 25, புதன்

வீரபாண்டி போன் செய்தார். "முடிவு பண்ணியாச்சாக்கா?" இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

இதை எங்கேயாவது ஓரிடத்தில் எழுதியாக வேண்டும்.

மே 2 காலையில் வண்டித் தளத்தைக் கழுவியது நான். பால் கொட்டியிருந்தது, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கழுவினால் எப்போதும் மணல் தூவி, அதன்மேல் வைக்கோல் பரப்பித்தான் மாட்டை ஏற்றுவோம். எங்கள் வீட்டுப் பழக்கம் அது, யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அன்று நான் மணல் தூவவில்லை. மறந்தேனா? மறக்கவில்லை. லில்லி நடுங்கிக்கொண்டிருந்தாள், சீக்கிரம் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பத்து நிமிஷத் தூரம்தானே என்று நினைத்தேன்.

பிபின் கயிற்றோடு திரும்பி வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். அவர் "நான்தான், நான்தான்" என்று சொல்லும்போது பக்கத்தில் இருந்தேன். சொல்லவில்லை. அடுத்த நாள் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, இனி எதற்கு என்று ஆயிற்று. இரண்டு மாதமாக அவர் தன் காலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் கேட்டுக்கொண்டே சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கல. ஆட்டைக் கூட்டிக்கொண்டுவந்து தகட்டுமேல நடக்கவிட்டு, பாத்தீங்களா இரும்புதான் தப்புன்னு காட்டப் பார்த்தேனே, யாருக்காக? அவருக்காகவா? எனக்காகத்தானே?

ஜூலை 2, புதன்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலக் கறவை. மாடம்மாள் அந்தக் கோடியில், நாங்கள் இந்தக் கோடியில். பிபின் ராணியைக் கறந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன். யோசித்து வைத்திருந்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"அண்ணைக்கு வண்டிய கழுவினது நான். மணல் போடல."

கறக்கிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. அவர் தலையை ராணியின் வயிற்றில் சாய்த்தபடியே சொன்னார்.

"கண்டேன்."

"எதை?"

"ஈரமா கெடந்தத. மணல் இல்லாதத. கண்டுட்டுத்தான் ஏத்தினேன். போய் ஒரு சட்டி மணல் அள்ளிட்டு வர அஞ்சு நிமிசம். வேண்டாம்னு வச்சேன்."

அங்கேயே தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல? இத்தன நாள்?"

"சொன்னா நீ அத தூக்கிட்டு நடப்ப. ஒருத்தன் நடந்தா மதின்னு தோணிச்சு."

என்ன மனுஷன் இது! இரண்டு மாசம்! நான் இவரிடமிருந்து ஒளிக்க, இவர் என்னிடமிருந்து ஒளிக்க, ஒரே விஷயத்தை! அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது, நிறுத்த முடியவில்லை. ராணி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தக் கோடியிலிருந்து மாடம்மாள், "என்னம்மா, மறுபடியும் யாராவது வழுக்கி விழுந்தாச்சா?" என்று கேட்டாள்.

பிபின் சிரித்தார். சத்தமாக.

ஜூலை 3, வியாழன்

அப்படி ஒரு தூக்கம். எழுந்து போனால் மாடம்மாள் பாதிக்குமேல் கறந்து முடித்திருக்கிறாள். திட்டவில்லை.

ஜூலை 5, சனி

பலகைதான். பிபினே சொன்னார். ஆனால் சும்மா சொல்லவில்லை. காலையில் வண்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வந்தார்.

"உனக்கு மாடு ஏத்தணும். எனக்குக் கல்லு ஏத்தணும். சுவருக்கு இன்னும் நாலு லோடு கல்லு இருக்கு. பலகைமேல கல்லு போட்டா ஒரே மாசத்துல பொடி."

நான் இதை யோசிக்கவே இல்லை. வீரபாண்டிதான் வழி சொன்னார். பழைய செக்கர் பிளேட்டில் கேபினை ஒட்டிய பாதி இன்னும் கெட்டுப்போகவில்லை. அதை இரண்டு துண்டாக வெட்டிப் பிடி வைத்துவிட்டால், கல் ஏற்றுகிற நாளில் பலகைமேல் விரிக்கலாம், மற்ற நாளில் எடுத்துச் சுவரில் சாய்த்து வைக்கலாம். அலுமினியத்தைப் பற்றியும் கேட்டேன், கடைசியாக ஒரு தடவை. அந்தப் பளபளப்பு என்னை விடவில்லை.

"கிழிஞ்சா எங்கிட்ட இருக்க மெஷின்ல ஒட்டாதுக்கா, டவுனுக்குத்தான் போணும். அதோட இரும்புச் சட்டத்துல தொடுற எடமெல்லாம் மூத்திரம் பட்டு வெள்ளை வெள்ளையா அரிச்சுப் போயிரும். பலகைன்னா ஒண்ணு போனா ஒண்ணு மாத்திக்கலாம்."

சரி, விடு.

மத்தியானம் நெடுமங்காட்டில் மரமில்லுக்குப் போனோம். முதலாளி புதிதாக அறுத்த ஈரப்பலகையைத் தள்ளிவிடப் பார்த்தார். பிபின் ஒவ்வொன்றாக விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார், முகர்ந்தார், வேண்டாம் என்றார். அரை மணி நேரம் கழித்து முதலாளிக்கே அலுத்து, உள்ளே ஷெட்டில் இரண்டு வருஷமாகக் காய்ந்துகொண்டிருந்த அயனியைக் காட்டினார். பொன் நிறம். தட்டினால் மணி மாதிரி.

திரும்பும்போது கல்லாறு பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்திச் சாயா குடித்தோம். சுற்றுலா வந்தவர்கள் பாறையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிபின் இரண்டாவது சாயாவும் வாங்கிக் குடித்தார்.

ஜூலை 8, செவ்வாய்

பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மூத்திரம் வடிய இடைவெளி வேண்டும், ஆனால் குட்டியின் குளம்பு மாட்டக்கூடாது. அதனால் இன்று காலை ஒன்பது குட்டிகளைப் பிடித்து டேப் வைத்து அளந்தேன். எட்டு குட்டி பொறுத்துக்கொண்டன. ஒன்பதாவது டேப்பைத் தின்னப் பார்த்தது.

ஜூலை 12, சனி

வண்டி வந்துவிட்டது!

வீரபாண்டி மூன்று நாள் செய்திருக்கிறார். போல்ட்டின் தலைகள் பலகைக்குள் புதைந்திருக்கின்றன, விரலால் தடவினால் தட்டுப்படாது. மாட்டின் ஒரு காலடித் தூரத்துக்கு ஒன்றாகக் குறுக்கே மெல்லிய சட்டங்கள், குளம்பு பிடித்து நிற்க. அடிப்பக்கம் முழுக்க முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசிக் கறுப்பாக இருக்கிறது. மேல்பக்கம் அப்படியே மரத்தின் நிறம். அவருக்கே பெருமை தாங்கவில்லை, நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

மாடம்மாள் முதலில் ஏறி நடந்தாள். "இதுல பாய் விரிச்சுப் படுக்கலாம்," என்றாள்.

பிபின் தளத்தின் மூலையில், டிரைவர் பக்கம், பழைய பெயின்ட் டின் ஒன்றைக் கம்பி போட்டுக் கட்டினார். நிறைய மணல்.

ஜூலை 13, ஞாயிறு

பத்து ஆடுகளை ஏற்றிப் பண்ணைக்குள்ளேயே ஒரு சுற்று. நான்தான் ஓட்டினேன். ஒன்றும் கத்தவில்லை.

ஜூலை 21, திங்கள்

ராணியைச் சினை பார்க்க விதுரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லில்லிக்குப் பிறகு முதல் மாடு.

பிபின் மணல் தூவினார், வைக்கோல் பரப்பினார், ராணியை ஏற்றினார். பிறகு சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு. நான் பொறத்த நிக்கேன்."

அவர் ராணியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார். நான் முதல் கியரிலும் இரண்டாவதிலுமாக இறங்கினேன். மூன்றாவது வளைவு வந்தது. அங்கே பார்த்து எதிரே ஒரு ஜீப். எப்படி வராமல் இருக்கும்? பிரேக் போட்டேன். பின்னால் குளம்புகள் பலகையில் தடதடவென்று நகர்கிற சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

கேபின் கண்ணாடியில் இரண்டு தட்டு. போகலாம் என்று.

ராணிக்கு மூன்று மாதம். டாக்டர் தளத்தைச் சுற்றிப் பார்த்து யார் செய்தது என்று கேட்டார். வீரபாண்டி பெயரைச் சொன்னோம்.

திரும்பும்போதும் நான்தான் ஓட்டினேன். அவர் கேட்கவில்லை, நானும் சாவியை நீட்டவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

பாலில் கொழுப்பு ஏறியிருக்கிறது. சொசைட்டியில் இரண்டு பேர் வண்டிக்குள் ஏறிப் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள். போன வாரம் கல் இரண்டு லோடு வந்தது, தகடு விரித்துப் போட்டோம். பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. மாடு போக வேண்டுமென்றால் இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். போகட்டும், எனக்கும் கை பழகிவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பாங்க் வேலையாக விதுராவுக்குப் பஸ்ஸில் போய்விட்டு மூன்று மணிக்கு வந்தேன். வாசலில் வண்டி இல்லை.

மாடம்மாள் சொன்னாள். பன்னிரண்டு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்து ஷிஜு ஓடி வந்திருக்கிறான், எருமைக்குக் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று. எனக்குப் போன் போட்டார்களாம், பாங்க்குக்குள் சிக்னல் இல்லை. "அஞ்சு நிமிசம் போனையே பாத்துட்டு நின்னாரும்மா. பொறவு மணலத் தூவ ஆரம்பிச்சுட்டாரு."

யார் ஓட்டினார்கள் என்று கேட்டேன். ஷிஜுவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பிபினே கூப்பிட்டார். பின்னால் ஒரே சத்தம், ஷிஜு யாரிடமோ மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தான்.

"கெடேரிக் கன்னு. தாயும் எழும்பி நிக்குது."

"ரோடு எப்பிடி இருந்துச்சு?"

"ரோடா? அங்கதான் கெடக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மூணாவது வளைவுல ஒருத்தனும் வரல, கேட்டியா. நான் வெறுதே, சும்மா நின்னு பாத்துட்டு இறங்கினேன்," என்றார்.

எருமையையும் கன்றையும் ஏற்றிக்கொண்டு மெதுவாகத்தான் வருவாராம், காத்திருக்க வேண்டாம் என்றார். சாயங்காலக் கறவையை நாங்கள் இரண்டு பேருமே முடிக்க வேண்டும். மாடம்மாள் வாளியைத் தட்டிக் கூப்பிடுகிறாள்.